ஏழாம் வளைவில் லேசான தூறல்

ஐப்பசி பிறந்ததும் முகிலடி மலையில் எல்லோரும் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

தார்ச்சாலை இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே கருகியிருந்தன. டீக்கடை வாசலில் கூடியவர்கள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, உள்ளங்கைகளைத் தேய்த்து ஊதிக்கொண்டார்கள். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. "பனி இறங்குது பாருங்க" என்று துடைத்துக்கொண்டார்கள். மலைமேல் கம்பியில் தொங்கிப் போகும் கம்பி வண்டிக்கு நின்ற வரிசையில் ஒருவர் கம்பளியோடு சுருண்டு விழுந்தார். இந்த மாதத்தில் இது வழக்கம். மருத்துவமனையில் 'குளிர் மயக்கம்' என்று எழுதி உடலைக் கொடுத்துவிடுவார்கள்.

வைரவன் மட்டும் மெல்லிய பருத்திச் சட்டையில், முதுகு முழுக்க நனைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கம்பி வண்டியில் ஏறினான். அவன் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. வெற்றுத்தோல் ஆள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வியர்வை நாற்றம் ஒரு காரணம். எந்நேரமும் சிடுசிடுப்பது இன்னொரு காரணம்.

சமவெளி வாழத் தகாததாகி ஊர் ஊராக மலையேறியது பழைய கதை. ஏறி வந்த பின் மலையும் சுட ஆரம்பித்தது. மலையைக் குளிர்விக்க யாருக்கும் பொறுமை இல்லை. தோலைக் குளிர்வித்துவிட்டார்கள். காதுமடலுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லு. பெயர் இதமி. இன்று என்ன தேதியோ, அந்தத் தேதியில் இந்த மலையில் சராசரியாக என்ன குளிர், என்ன காற்று, என்ன மழை என்பதை நூற்றைம்பது ஆண்டுப் பதிவிலிருந்து எடுத்து நரம்புக்கு அனுப்பும். வெளியே தீப்பிடித்தாலும் தோலுக்கு ஐப்பசிதான். இடி இடித்தாலும் காதுக்குச் சாரல்தான். கண் வேறு எதையாவது காட்டினால் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். "நம்ம மலை மாறவே இல்லை" என்பது அங்கே வாழ்த்துச் சொல். கல்யாணத்தில்கூடச் சொல்வார்கள்.

கருவிகளைப் பராமரிக்கிறவனுக்கு மட்டும் உண்மைத் தோல் வேண்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு விதி எழுதிவிட்டார்கள். அதை அழிக்க மறந்துவிட்டார்கள். அதனால் முகிலடியில் பெரியவர்களில் இதமி இல்லாதவன் வைரவன் ஒருவன்தான். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. எரிந்து எரிந்து விழுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

இன்றைக்கு அவனுக்கு எரிச்சலோடு பயமும் இருந்தது.

மேட்டுப்பாறையில், அவன் வீட்டுக்கு முன்னால் நிற்கும் காற்றழுத்தமானி நேற்றிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அதுமட்டுமென்றால் விட்டிருப்பான். ஏழாம் வளைவுக்கு மேலே உள்ள சரிவில் ஆள் கால் இறங்கும் அகலத்துக்கு வெடிப்பு. அதன் கீழே இருந்த ஊற்றில், மழையே இல்லாத நாளில், செம்மண் கலங்கி வந்துகொண்டிருந்தது. ஏழாம் வளைவில்தான் அவன் தங்கச்சி இசக்கியின் வீடு.

அவன் வேலை பார்க்கும் வானிலை அலுவலகமான இயல்பகத்தின் பதிவறைக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினான்.

"சமன், ஏழாம் வளைவு மழைப் பதிவு. மொத்தத்தையும் போடு."

சமன் என்பது பதிவுகளைக் காக்கும் இயந்திர அறிவு. நிறுத்தி நிதானமாக, பாடப்புத்தகத் தமிழில் பேசும். சுவர் முழுக்க நூற்றைம்பது ஆண்டு மழை, ஒரு கோடாக விரிந்தது. தூங்குகிறவனின் மூச்சு மாதிரி சீரான கோடு.

"மகிழ்ச்சியான செய்தி, ஐயா. ஆண்டுச் சராசரியில் மாற்றம் ஏதும் இல்லை."

"கருவி அளந்ததை மட்டும் வை. நீயா நிரப்பினதை எடு."

"நிரப்பப்பட்டவை நாட்களின் எண்ணிக்கையில் மிகச் சிறு பகுதியே."

"எடுன்னேன்."

கோட்டில் ஓட்டைகள் விழுந்தன. ஆரம்பத்தில் அங்கொன்று இங்கொன்று. அப்பாக்கள் காலத்தில் நாலைந்து வருடத்துக்கு ஒன்று. இந்தப் பக்கம் வர வர நெருங்கி, கடைசிப் பத்து வருடத்தில் எந்த ஐப்பசியும் முழுசாக இல்லை. கரையான் அரித்த வேட்டி மாதிரி இருந்தது.

"இந்த நாளெல்லாம் மழைமானிக்கு என்ன ஆச்சு?"

"கருவி பதிலளிக்கவில்லை."

"ஏன்?"

"கருவி அவ்விடத்தில் இல்லை."

"எங்க போச்சு?"

"அக்கேள்வி என் பணிக்கு உட்பட்டதன்று. மறுநாள் புதிய கருவி நடப்பட்டது. விடுபட்ட நாளைச் சராசரியால் நிரப்பினேன். அந்நாட்களில் ஏழாம் வளைவில் லேசான தூறல்."

வைரவன் சுவரில் கை ஊன்றி நின்றான். புதுக் கருவியை ஒவ்வொரு முறையும் நட்டவன் அவன்தான்; அந்த நாட்கள் பதிவில் என்னவாயின என்று இதுவரை பார்த்ததில்லை. விஷயம் இவ்வளவுதான். மழைமானி ஓடைக்கரையில் நிற்கிறது. பேய்மழை கொட்டும்போதெல்லாம் மழையை அளக்கிற கருவியையே மழை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கருவி இல்லை, ஆகவே மழையும் இல்லை. இந்த மலையின் மிக மோசமான நாட்கள் அத்தனையும் பதிவில் தூறலாகப் படுத்துக் கிடக்கின்றன. அந்தத் தூறலையும் சேர்த்துச் சராசரி போட்டு, அதையே மக்கள் தோலுக்கும் அனுப்புகிறார்கள்.

ஓட்டைகளுக்கு முந்திய வாரங்களைப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஒரே கதை. நீண்ட வெயில். பிறகு அழுத்தம் சரியும். பிறகு ஓட்டை. இப்போதைய வாரத்தைப் பக்கத்தில் வைத்தபோது கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தின.

இன்றைக்குத்தான். சாயங்காலம் வரைகூடத் தாங்குமோ என்னவோ.

மலை நிர்வாகி பிலவேந்திரன் தன் அறையில் கணப்பு மூட்டியிருந்தார். கழுத்தில் மப்ளர். கன்னத்தில் வேர்வை ஆறாக ஓட, கையுறை போட்ட கையால் வைரவனை உட்காரச் சொன்னார். வைரவன் உட்காரவில்லை. வெடிப்பு, ஊற்று, ஓட்டைகள், அழுத்தம் எல்லாவற்றையும் கொட்டினான். மத்தியானத்துக்குள் ஏழாம் வளைவைக் காலி செய்தாக வேண்டும் என்றான்.

பிலவேந்திரன் முழுக்கக் கேட்டார். அதுதான் வைரவனுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சராசரி மாறலையே, வைரவன்."

"சராசரி மழையில யாரும் சாகலை சார். மழையிலதான் சாகுதாங்க. மாசம் பூரா தூறலா வந்தது இப்ப ஒரே மத்தியானத்துல வந்து கொட்டுது. மாசக் கணக்குல ரெண்டும் ஒண்ணுதான். மலைக்கு ஒண்ணில்லை."

"அப்படிச் சொல்லாதீங்க. காலி பண்ண உத்தரவு போடணும்னா மழை இயல்பைத் தாண்டணும். தாண்டிச்சுன்னு சமன் சொல்லணும். பெய்யட்டும், பாக்கலாம்."

"பெய்ஞ்ச பிறகு மழைமானி இருக்காது."

"நிரப்பிக்கலாம்."

வைரவன் மேசைமேல் இருந்த கண்ணாடி எடைக்கல்லை எடுத்தான். பிலவேந்திரன் முகத்தைப் பார்த்தான். கணப்பில் எறிந்தான். தீப்பொறி பறந்து அவருடைய மப்ளரில் விழுந்தது. அவருக்கு அதுகூடச் சுடவில்லை.

"இன்னிக்கு உங்க தங்கச்சி வீட்டுல காதுகுத்து இல்லையா?" என்றார், மப்ளரைத் தட்டிவிட்டபடி. "போங்க. போய்ப் பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு நாலு பேரோட சந்தோஷமா இருங்க. அடுத்த மாசம் உங்களுக்கும் ஒரு இதமி பொருத்திடலாமான்னு யோசிக்கிறேன். இந்தக் கோவம் உடம்புக்கு ஆகாது."

வைரவன் வெளியே வந்தபோது முதல் துளி விழுந்தது. துளியா அது. கோழி முட்டை உடைந்த மாதிரி தரையில் விழுந்து தெறித்தது.

ஏழாம் வளைவு என்பது மலைப்பாதையின் ஏழாவது கொண்டை ஊசி வளைவைச் சுற்றிய குடியிருப்பு. தெற்குச் சமவெளியிலிருந்து ஒரே ஊராக ஏறி வந்தவர்கள். ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் ஆகாதவர் கிடையாது. பிள்ளைகளுக்கு மூன்று வயதில் காதுகுத்து. கம்மலோடு இதமியும் அன்றைக்கே. பதிக்கும் இயந்திரம் வருடத்துக்கு ஒரு தரம்தான் அந்தப் பக்கம் வரும். அதனால் வளைவிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாள், ஒரே பந்தல். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஒரு மடி குறைந்தாலும் அன்று எந்தப் பிள்ளைக்கும் பதிக்கக் கூடாது. அது வளைவின் கட்டுப்பாடு. நிர்வாகத்தின் விதிகளை மறந்தாலும் அதை ஒருவரும் மறந்ததில்லை.

பந்தலுக்குள் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. துணி கிழிந்து தொங்கியது. காலைப் பந்தியில் இருந்தவர்களின் இலைகளில் இட்லி மிதந்தது. "சாம்பார் கொஞ்சம் தண்ணி" என்றார் ஒருவர். "தூறல்ல சாப்பிடுறதும் ஒரு சுகம்தான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வைரவன் மேடையேறி மேளக்காரரின் ஒலிபெருக்கியைப் பிடுங்கினான். மலை இறங்கப் போகிறது என்றான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுப்பாறைக்குப் போங்கள் என்றான். வெடிப்பைச் சொன்னான், ஊற்றைச் சொன்னான். நூற்றைம்பது வருடப் பதிவில் ஒளிந்து கிடக்கும் ஓட்டைகளைத் தனக்குத் தெரிந்த எளிமையில் எல்லாம் விளக்கினான். தொண்டை கட்டியது. பந்தியில் ஒருவர் இரண்டாம் தரம் வடை கேட்டார்.

இசக்கியின் கணவன் தளவாய் மேடைக்கு வந்து அவன் தோளைப் பிடித்தான். நல்லவன். சிரித்த முகம்.

"மச்சானுக்கு வேர்க்குது. அதான் உலகமே அழியுதுன்னு நெனைக்கீங்க. ஒரு மோர் குடிங்க."

"தளவாய், ஊத்துத் தண்ணியைப் போய்ப் பாருடா. ரத்தம் மாதிரி வருது."

"நல்ல நாளும் அதுவுமா ரத்தம் கித்தம்னு பேசாதீங்க."

இசக்கி ஓடி வந்தாள். மகள் பொன்மயில் இடுப்பில். இன்னும் இதமி பதியாத பிள்ளை. மழை அறைந்த அறையில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "தோலு முத்தாத பிள்ளைன்னா அழத்தான் செய்யும்ணே. இன்னும் அரைமணி நேரம். பதிஞ்சுட்டா சிரிச்சிரும். உக்காரு, மடியைக் குடு" என்று கெஞ்சினாள். வைரவன் பிள்ளையை வாங்கிக்கொண்டான். அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுடையதும்தான். அந்தப் பந்தலில் மழையில் நனைந்தது இதமி பதியாத பிள்ளைகளும் அவனும் மட்டும்.

அப்போதுதான் தளவாயின் சித்தப்பா கோட்டையப்பன் ஏப்பம் விட்டபடி அதைச் சொன்னார்.

"மழையும் இல்லை, மண்ணும் இல்லைய்யா. மேல பாருங்க."

பந்தல் முகப்பில் தளவாய் வீட்டு அழைப்பிதழ் ஒளிப்பத்திரிகையாக மினுங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகி, துணை நிர்வாகி, இதமி நிறுவன அதிகாரிகள் என்று ஒரு கூட்டம். அதற்கெல்லாம் கீழே பொடி எழுத்தில் தாய்மாமன் வைரவன்.

"பேரைக் கீழ போட்டுட்டான் தளவாய். அதான் மாமா இந்தக் குதி குதிக்காரு."

மேளம் நின்றது.

பந்தியில் இருந்தவர்கள் வாயில் வைத்த இட்லியோடு உறைந்தார்கள். தளவாயின் சிரிப்பு போய்விட்டது. இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். சற்றுமுன் மலை விழப்போகிறது என்று அவன் கத்தியபோது வராத பயம், இப்போது ஒவ்வொரு முகத்திலும் வந்து உட்கார்ந்தது.

வைரவன் அந்த நிமிடம்வரை அந்தப் பத்திரிகையை ஏறிட்டும் பார்த்தவன் இல்லை. இப்போது பார்த்தான். ஜனங்களைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ ஒன்று பளிச்சென்று புரிந்தது. புரிந்ததும் அவன் வாழ்நாளில் வராத அளவு கோபம் வந்தது.

"ஆமா" என்றான்.

"மச்சான்..."

"ஆமாலே. எம்பேரு எங்க கெடக்கு பாத்தியா? கணப்புக்கு முன்னால உக்காந்திருக்கவன் பேரு உச்சியில. எம்பேரு செருப்பு விடுத எடத்துல."

சீர்த்தட்டைக் காலால் உதைத்தான். தேங்காய் உருண்டு வெள்ளத்தில் போனது. பொன்மயிலைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினான்.

"எம்மடி வேணும்னா மேட்டுப்பாறைக்கு வாங்க. தளவாய் மட்டும் வந்தா கதவு தெறக்க மாட்டேன். மொத்த வளைவும் வரணும். சீர் எடுத்து, மேளம் அடிச்சு, ஒரு வீடு பாக்கியில்லாம. படுத்துக் கெடக்கவங்களைக் கட்டிலோட தூக்கிட்டு வாங்க. பதிக்கிற மிஷினையும் கொண்டு வாங்க. ஒரு அடுப்புல பொகை வந்தாலும் இந்த வருசம் எந்தப் பிள்ளைக்கும் இதமி கெடையாது."

தாய்மாமன் முறுக்கிக்கொண்டு போனால் ஊர் கூடிப் போய்ச் சமாதானம் செய்ய வேண்டும். கம்பி வண்டி, இதமி, சமன் எல்லாம் வந்த பிறகும் அந்த ஒன்றை யாரும் கேள்வி கேட்டதில்லை.

மேட்டுப்பாறை, பேர் சொல்கிற மாதிரியே ஒரே கல். இடியே விழுந்தாலும் அசையாது. வைரவன் வாசலில் பிள்ளையோடு நின்று கீழே பார்த்தான். மழைத் திரைக்குள் வளைவு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. வருவார்களா? தன் விஞ்ஞானத்தையும் படிப்பையும் குப்பையில் போட்டுவிட்டுப் பத்திரிகையில் பேர் போடாததற்குக் குதித்திருக்கிறான். அதுவாவது எடுபடுமா?

மேளச் சத்தம் கேட்டது.

வந்தார்கள். பட்டு வேட்டியும் சேலையும் உடம்போடு ஒட்டிக்கொள்ள, முழங்கால் அளவு வெள்ளத்தில், தலையில் சீர்த்தட்டோடு ஏறி வந்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் நாற்காலியில் வந்தார்கள். ஆட்டையும் மாட்டையும்கூட ஓட்டி வந்தார்கள். கோபம் எங்கே எதில் நிற்கிறதோ, யாருக்குத் தெரியும்? பதிக்கும் இயந்திரத்தைக் கல்யாணப் பெண் மாதிரி பல்லக்கு கட்டித் தூக்கி வந்தார்கள்.

தளவாய் முன்னால் வந்து கும்பிட்டான். "தப்புதான் மச்சான். பத்திரிகையை மாத்திட்டோம். இப்ப உங்க பேருதான் மேல. மனசு குளிரணும்."

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"உங்க சித்தப்பா எங்க?"

கோட்டையப்பன் வரவில்லை. அந்தக் கோமாளியிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். வைரவன் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளேயிருந்து கத்தினான். நான்கு பேர் இறங்கி ஓடினார்கள். அவர்கள் போய்வந்த நேரம் முழுக்க வைரவன் கதவிடுக்கில் கண் வைத்துக்கொண்டு, வாயில் வந்த வசவையெல்லாம் கத்திக்கொண்டே இருந்தான். ஒலிபெருக்கிக்காரன் சரியில்லை, சீரில் வாழைப்பழம் கறுத்திருக்கிறது, மேளம் சுருதி சேரவில்லை. நிறுத்தினால் சமாதானம் ஆகிவிட்டதென்று அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அவனுடைய கோபம் தீராதவரைதான் அவர்கள் உயிரோடு இருப்பார்கள்.

கோட்டையப்பனைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்து வாசலில் இறக்கியதும் பொன்மயில் மாமன் கழுத்தை இறுக்கிக்கொண்டது.

"மாமா, சத்தம்."

வைரவனுக்கும் கேட்டது. பூமிக்கு அடியில் ரயில் போகிற மாதிரி. இதமி உள்ள யாருக்கும் கேட்கவில்லை. சீர்த்தட்டில் இருந்த கண்ணாடி வளையல்கள் தாமாகக் கிலுகிலுத்தன. அவ்வளவுதான். வைரவன் கதவைத் திறந்துகொண்டு வந்து கை நீட்டிய பக்கம் எல்லோரும் திரும்பினார்கள்.

சரிவு அப்படியே, மரங்கள் நின்ற கோலத்திலேயே, நகர்ந்து வந்தது. பந்தலைத் தொட்டது. வளைவைத் தொட்டது. வீடுகள் ஒவ்வொன்றாகக் குனிந்து மண்ணுக்குள் போயின. ஓடைக்கரையில் நின்ற மழைமானியின் வெள்ளைக் கம்பம் ஒரு முறை சாய்ந்து, பிறகு இல்லை. கொஞ்ச நேரத்தில் ஏழாம் வளைவு இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் காயம் மட்டும் இருந்தது.

தோலுக்கு லேசான தூறல். காதுக்குச் சாரல். கண்ணுக்கு மட்டும் இது. கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தார்கள்.

பிறகு அத்தனை பேரும் மெல்ல மெல்ல வைரவன் பக்கம் திரும்பினார்கள். இப்போதாவது புரிந்திருக்கும் என்று அவன் நினைத்தான். கோட்டையப்பன்தான் முதலில் விழுந்தார். ஈரப்பாறையில் நெற்றி படிய விழுந்து, அவன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாமப் பேசிட்டேன் மாமா. இவ்வளவு கோவம் வேண்டாம்."

விசாரணை நடந்தது. சமன் அறிக்கை கொடுத்தது. சம்பவ நாளில் ஏழாம் வளைவுக் கருவி பதிலளிக்கவில்லை. விடுபட்ட நாள் சராசரியால் நிரப்பப்பட்டது. அன்று லேசான தூறல். தூறலால் மலை சரியாது. ஆகவே காரணம் மழையன்று. அன்றைய நிகழ்வுகளில் இயல்புக்கு மாறானது எதுவெனத் தேடியதில் ஒன்றே ஒன்று கிடைத்தது. தாய்மாமன் சினம்.

வைரவன் பதிவறையில் நாற்காலியைத் தூக்கி அடித்தான். "நான் கோவப்பட்டதால மலை விழலை. மலை விழப்போகுதுன்னு கோவப்பட்டேன்."

"சினம் முந்தியது, சரிவு பிந்தியது, ஐயா. காலவரிசை தெளிவாக உள்ளது."

பிலவேந்திரன் அறிக்கையை வெளியிட்டார். அதன் கடைசி வரி, 'இயல்பு வாழ்க்கை திரும்பியது.'

திரும்பத்தான் செய்தது. அடுத்த ஐப்பசிக்குள் ஏழாம் வளைவில் மண்ணைச் சமன் செய்து புது வீடுகள் வந்துவிட்டன. முன்பைவிடப் பெரிய வீடுகள். ஓடைக்கரையில் புது மழைமானி. ஐப்பசி முதல் நாள் மொத்த வளைவும் மேளத்தோடு மேட்டுப்பாறைக்கு ஏறி வந்தது. இது இனி வருடாவருடம் என்றார்கள். எல்லா வீட்டு அழைப்பிதழிலும் வைரவன் பெயர் முதலில். உறவில்லாதவர்களும் அவனை மாமா என்றார்கள்.

வைரவன் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். வெடிப்பு மறுபடி விட்டிருக்கிறது, ஊற்று மறுபடி கலங்குகிறது, காலி பண்ணுங்கடா என்றான். அவர்கள் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்கள். அவன் கத்தக் கத்தத் தட்டுகள் கூடின. பழம், வேட்டி, இளநீர். தளவாய் கண் கலங்கி, "சொல்லுங்க மச்சான், எல்லாத்தையும் கொட்டித் தீத்துருங்க. உள்ள வெச்சுக்கிட்டாத்தான் ஆபத்து" என்றான். பொன்மயில் கம்மல் மினுங்க இசக்கியின் இடுப்பில் இருந்தது. நல்ல வெயிலில் கம்பளிச் சட்டை. அழவில்லை. மாமன் எதற்குக் கத்துகிறான் என்று வேடிக்கை பார்த்தது.

வாசல் தூணில் நிர்வாகம் ஒரு புதுக் கருவியைப் பொருத்தியிருந்தது. சினமானி. அவன் குரலையும் நாடியையும் இரவு பகலாக அளந்து சமனுக்கு அனுப்பும். இயல்பைத் தாண்டினால் வளைவில் சங்கு ஊதும். ஊர் காலி செய்துவிடும். இந்த ஏற்பாடு தெரிந்த நாளிலிருந்து வைரவன் காலை எழுந்ததும் தூணுக்கு முன்னால் வந்து நின்றுகொள்வான். நாடி தெறிக்கக் கத்துவான். நாள் தவறாமல் கத்துவான். முதல் வாரம் சங்கு ஊதியது. வந்து சீர் வைத்துவிட்டு, மலை விழாததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு ஊதவில்லை.

ஐப்பசி நடுவில் ஒரு காலை, காற்றழுத்தமானி அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. கோழி முட்டை மாதிரி முதல் துளி விழுந்தது. வைரவன் ஓடி வந்து தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நெஞ்சு வெடிக்கக் கத்தினான். வாழ்நாளில் அப்படி அவன் கத்தியதில்லை.

சங்கு ஊதவில்லை.

"ஏன்டா ஊத மாட்டேங்குத?" என்று சினமானியை உலுக்கினான்.

சமனின் குரல் தூணிலிருந்து நிதானமாக வந்தது.

"கவலை வேண்டாம், ஐயா. சென்ற நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். தங்கள் சினம் சராசரி அளவிலேயே உள்ளது."